யாழ்ப்பாணத்தில் சொந்த உடை லேபிள்: தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு சின்னதாக ஒரு உடை லேபிள் தொடங்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் ஓர் அறை, ஒன்றிரண்டு மெசின், ஒரு கைபேசி, சேர்த்துவைத்த கொஞ்சக் காசு. இந்த அளவில் இறங்குகிறவர்களுக்குத்தான் இது. பெரிய முதலோடு கஸ்தூரியார் வீதியில் கடை எடுக்கிறவர்களுக்குக் கணக்காளர் இருப்பார், அவர்கள் பாட்டைப் பார்த்துக்கொள்வார்கள்.

நான் தொடங்கியபோது எது முதல், எது பிறகு என்று சொல்ல ஆள் இல்லை. ஓர் அலுவலகத்தில் இன்னோர் அலுவலகத்தின் கடிதத்தைக் கேட்டார்கள். அங்கே போனால் முதலாவது இடத்தின் கடிதத்தைக் கேட்டார்கள். துணிக்கடை, தையல்காரர், கூரியர் ஒவ்வொருவரிடமும் தனித்தனி விதி. அதையெல்லாம் ஒரு வரிசையில் போட்டிருக்கிறேன். அரசாங்கக் கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் தொகை எழுதவில்லை, கவுண்டரில் கேட்டால் உடனே சொல்வார்கள். உடைச் செலவுக்கு உதாரணக் கணக்கு ஒன்று கீழே உண்டு.

1. முதலில் நாட்காட்டியை எடுங்கள்

பெயர், லோகோ, இன்ஸ்ரகிராம் பக்கம் எல்லாம் பிறகு. எந்தக் காலத்துக்குத் தைக்கப்போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. வெளிநாட்டு லேபிள்கள் வசந்தகாலம், பனிக்காலம் என்று தொகுப்பு விடுகின்றன, கொழும்பில் சிலரும் அதே பெயரை வைக்கிறார்கள். நமக்கு அது பொருந்தாது. நம்முடைய பருவங்கள் தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, நல்லூர், தீபாவளி, நத்தார். இடையில் கலியாணங்களும் சாமத்திய வீடுகளும்.

இவற்றில் நீளமானது நல்லூர்ப் பருவம். ஆடி அமாவாசைக்குப் பின் ஆறாம் நாள் கொடியேறும், திருவிழா 25 நாள் நடக்கும். அதே நேரத்தில் கனடாவிலும் லண்டனிலும் ஐரோப்பாவிலும் பள்ளிக்கூட விடுமுறை, சொந்தக்காரர் வந்து நிற்பார்கள். ஆடியில் கலியாணம் வைக்கமாட்டார்கள், ஆவணி பிறந்ததும் மண்டபங்கள் நிரம்பிவிடும். ஆக ஒரே உடையைக் கோயிலுக்கும் விருந்துக்கும் வாங்குகிற ஆட்கள் ஊரில் இருக்கும் காலம் இது. முதல் தொகுப்பை இதற்கே வையுங்கள்.

இனி நாட்களைப் பின்னோக்கி எண்ணுங்கள். கொடியேற்றத்துக்கு மூன்று கிழமை முன்னரே உடை கையில் இருக்க வேண்டும். தையலுக்கு ஐந்து கிழமை. துணியை நனைத்துக் காயவைத்து மடிக்க ஒரு கிழமை. துணி தேடி வாங்க மூன்று கிழமை. மாதிரி உடை தைத்து, போட்டுப் பார்த்துத் திருத்த இரண்டு கிழமை. மொத்தம் பதினான்கு கிழமை. சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு தொடங்கினால்தான் நல்லூருக்கு நிற்கலாம். ஆனி மாதத்தில் தொடங்கினால் தையல்காரர் தலையாட்டுவார், உடை தேர் முடிந்தபிறகு வரும். புத்தாண்டுக்கு முந்திய இரண்டு கிழமையும் துணிக்கடையிலும் தையல் கடையிலும் யாரும் உங்களோடு நின்று கதைக்கமாட்டார்கள், அந்த நேரத்தில் போகவே வேண்டாம்.

காற்றையும் மழையையும் மறந்துவிடாதீர்கள். ஆடியில் சோழகக் காற்று அடிக்கும். மெல்லிய, சுற்றளவு கூடிய பாவாடை படத்தில் அழகாக இருக்கும், பலாலி வீதியில் ஸ்கூட்டியில் போகிற பிள்ளைக்கு அதைப் பிடித்துக்கொள்ளவே ஒரு கை தேவைப்படும். நீண்ட துப்பட்டா சில்லுக்குள் போகும். ஓரம் கொஞ்சம் கனமாக மடித்த, பக்கத்தில் வெட்டுள்ள, துப்பட்டா இல்லாமலும் போடக்கூடிய உடைதான் இங்கே திரும்பத் திரும்பப் போடப்படும். வலிகாமத்துச் செம்மண் வெள்ளை ஓரத்தில் படிந்தால் லேசில் போகாது. தீபாவளித் தொகுப்பு மழையோடு வரும்: நனைத்த துணி காயாது, மின்சாரம் போகும், கூரியர் பிந்தும். அதற்கு இரண்டு கிழமை கூடுதலாகச் சேர்த்து எண்ணுங்கள்.

2. ஒரே ஒரு உடையைத் தெரிவு செய்யுங்கள்

சாறி, பஞ்சாபி, பிள்ளைகளின் சட்டை, ஆண்களின் சேட் எல்லாம் போடுவோம் என்று தோன்றும். வேண்டாம். ஒரு வெட்டு, மூன்று நிறம், ஐந்து அளவு. முப்பது உடை. முதல் தொகுப்புக்கு அதுவே போதுமான வேலை.

எந்த வெட்டு என்பதில்தான் போக்கு வருகிறது. இப்போது மேலும் கீழும் ஒரே துணியில் வரும் செற், மடிப்பு முன்கூட்டியே தைத்த சாறி, தோள் இறங்கிய பெரிய சேட், லினன் இவையெல்லாம் ஓடுகின்றன. சென்னையில் இருந்து ரிக்ரொக் வழியாக ஒரு போக்கு இங்கே வரும்போது, அதே அச்சுத்துணியில் இறக்குமதி உடை நவீன சந்தைப் பக்கத்தில் தொங்கத் தொடங்கியிருக்கும். அந்த விலைக்கு உங்களால் தைக்க முடியாது. ஆகவே போக்கில் இருந்து வெட்டை எடுங்கள், அச்சை விடுங்கள். தோள் இறங்கிய சேட்டைக் கைத்தறியில் தைத்தால் அது உங்கள் உடை. வைரலான பூப்போட்ட துணியில் தைத்தால் அது நூறாவது பிரதி.

கொழும்பில் இருக்கும் கைத்தறி லேபிளான பெயாஃபூட்டைப் பாருங்கள். 1964 இல் பாபரா சன்சோனி தொடங்கியது. லோகோவை மறைத்துவிட்டாலும் அந்தக் கோடுகளையும் நிற அடுக்கையும் வைத்தே யாருடையது என்று சொல்லிவிடலாம். அடையாளம் துணியிலேயே இருக்கிறது. செலின் 1991 இல் குருநாகலில் தொடங்கிய கைத்தறி நிறுவனம்; நெய்கிற பெண்களோடு நீண்டகால ஏற்பாடு வைத்துக்கொண்டதால் அவர்களுக்குத் துணி தொடர்ந்து கிடைக்கிறது. லவி என்ற இலங்கை லேபிள், சாரத்தை எடுத்து விருந்துக்குப் போடும் உடையாக்கிக் காட்டியது. 2003 இல் தொடங்கிய கொழும்பு ஃபஷன் வீக் மேடையில் வரும் பல உடைகள் எனக்குப் பிடிக்கும், ஆனால் குளிரூட்டிய மண்டபத்துக்கு வெட்டிய உடை சித்திரை வெயிலில் நிற்காது. உள்லைனிங் போட்ட நீளக் கை உடையை இங்கே யார் மத்தியானத்தில் போடுவது? பார்த்துப் படிக்க வேண்டியது அவர்களின் ஒழுங்கை: ஒரு பொருளை எடுத்து, ஆண்டுக்கணக்கில் அதையே திருத்திக்கொண்டு போவது.

ஒரு சின்னப் பொறி. நல்லூருக்கு என்று அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே நிறச் செற் தைக்க ஆசை வரும். நல்லூர் வாசலில் ஆண்கள் மேலாடையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நீங்கள் பார்த்துப் பார்த்துத் தைத்த சேட் முழுநேரமும் கையில்தான் இருக்கும். ஆண்களின் சேட்டை ஆவணிக் கலியாணங்களுக்கு வையுங்கள், கோயிலுக்கு வேட்டியும் சால்வையும் போதும்.

3. பெயரை மூன்று இடத்தில் தேடுங்கள்

பெயர் மனதில் வந்ததும் பை அச்சடிக்க ஓடாதீர்கள். முதலில் முகநூல், இன்ஸ்ரகிராம், ரிக்ரொக் மூன்றிலும் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, பிரதேச செயலகத்தில் தொழிற்பெயர்ப் பதிவு செய்யும் மேசையில் கேளுங்கள். மூன்றாவது, கொழும்பில் இருக்கும் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி முன்தேடல் செய்விக்கலாம்.

பலர் மாட்டுப்படும் இடம் இது: தொழிற்பெயர்ப் பதிவு எடுத்தால் பெயர் நம்முடையதாகிவிட்டது என்று நினைப்பது. அது நீங்கள் இந்தப் பெயரில் தொழில் செய்கிறீர்கள் என்பதற்கான பதிவு மட்டுமே. இன்னொருவர் அதே பெயரில் உடை விற்பதைத் தடுக்கும் உரிமை வர்த்தகக் குறிப் பதிவில்தான் வருகிறது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் அது நடக்கிறது. உடைக்கு 25 ஆம் வகுப்பு. பையும் விற்கப்போகிறீர்கள் என்றால் 18 ஆம் வகுப்பும் பாருங்கள், வகுப்புக்கு ஒரு விண்ணப்பம், ஒரு கட்டணம். பதிவு பத்து ஆண்டுக்கு, பிறகு புதுப்பிக்கலாம். விண்ணப்பம் வர்த்தமானியில் வந்தபின் மறுப்புத் தெரிவிக்க மூன்று மாத அவகாசம் உண்டு, மொத்த வேலையும் ஆண்டுக்கணக்கில் இழுபடலாம். அதனால் முதல் தொகுப்புக்கு அது வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பெயர் ஓடுகிறது என்று தெரிந்ததும், இரண்டாவது தொகுப்புக்கு முன் விண்ணப்பித்துவிடுங்கள். "நல்லூர் சாறி" போல ஊர்ப்பெயரும் பொருட்பெயரும் மட்டும் சேர்ந்த பெயரைக் குறியாகப் பதிவது கடினம், இதைப் பெயர் வைக்கும்போதே யோசியுங்கள்.

4. பி.ஆர் எடுங்கள்

தொழிற்பெயர்ப் பதிவை இங்கே எல்லோரும் பி.ஆர் என்றுதான் சொல்கிறார்கள். அது இல்லாமல் வங்கியில் தொழிற்கணக்கு இல்லை, கண்காட்சியில் கடை எடுக்கவும் கஷ்டம். தனி ஆளாகவோ இரண்டு மூன்று பேர் கூட்டாகவோ செய்தால் உங்கள் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். "கம்பனியாகவே பதியுங்கள், மதிப்பாக இருக்கும்" என்று யாராவது சொல்வார்கள். கம்பனிக்கு ஆண்டறிக்கை, செயலாளர், கணக்காய்வு என்று ஒவ்வோர் ஆண்டும் செலவு உண்டு. முப்பது உடைக்கு அது தேவையில்லை.

கொண்டுபோக வேண்டியவை: செயலகத்தில் தரும் விண்ணப்பப் படிவம், தேசிய அடையாள அட்டையும் பிரதியும், கூட்டு என்றால் எல்லோருடையதும், தொழில் நடக்கும் இடத்துக்கான சான்று, விதானையாரின் (கிராம சேவகரின்) அறிக்கை. இடம் உங்கள் பெயரில் என்றால் காணி உறுதியின் பிரதி, வாடகை என்றால் ஒப்பந்தம். அம்மா அப்பாவின் வீடு என்றால் அவர்களின் சம்மதக் கடிதத்தோடு சோலைவரிப் பற்றுச்சீட்டையும் வையுங்கள். காணி வெளிநாட்டில் இருக்கும் பெரியப்பாவின் பெயரில் இருந்தால், சம்மதக் கடிதத்தை இப்போதே கேளுங்கள். எல்லாவற்றிலும் அதிக நாள் எடுக்கப்போவது அந்தக் கடிதம்தான்.

வரிசை முக்கியம். முதலில் செயலகத்துக்குப் போய்ப் படிவத்தை வாங்கி, அவர்கள் கேட்கும் ஆவணங்களை அவர்கள் கையாலேயே அந்தப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். பிறகு விதானையாரிடம் போங்கள். அவர் வெளிக்கள வேலைக்குப் போகும் நாட்கள் உண்டு, போன் எடுத்துவிட்டுப் போவது நல்லது. அவர் இடத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னால் மெசினை அந்த அறையில் வைத்திருங்கள். அறிக்கையோடு மறுபடி செயலகம். எல்லாம் ஒழுங்காக இருந்தால் சில நாட்களில் இருந்து ஒன்றிரண்டு கிழமைக்குள் முடிந்துவிடும். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, உறுதியில் வேறு எழுத்து என்று பெயர் மாறியிருந்தால் அதற்குச் சத்தியக் கடதாசி கேட்பார்கள், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

தொழிலின் தன்மை என்ற கட்டத்தில் "தையல்" என்று மட்டும் எழுதாதீர்கள். "ஆடை வடிவமைப்பு, உற்பத்தி, சில்லறை மற்றும் இணைய விற்பனை, ஆடை அணிகலன்கள்" என்று விரித்து எழுதுங்கள். பிறகு பனையோலைப் பை விற்க நினைத்தால் மறுபடி திருத்தம் செய்ய வேண்டியிராது. அரசாங்கத்தோடு தொடர்புள்ளது போலத் தோன்றும் சொல் பெயரில் இருந்தால் அனுமதி கிடைக்காது.

பத்திரம் கையில் வந்ததும் நான்கைந்து பிரதி எடுத்து உறுதிப்படுத்தி வையுங்கள். மூலப் பத்திரத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

5. சபையும் வரியும்

உள்ளூராட்சி சபையில் தொழில் உரிமமோ தொழில் வரியோ கட்டவேண்டி வரும். எந்தச் சபை என்பதில் ஒரு சிக்கல்: உங்கள் பிரதேச செயலகம் நல்லூராக இருக்கலாம், ஆனால் வீடு யாழ்ப்பாண மாநகர சபை எல்லைக்குள் இருக்கும். கொஞ்சம் தள்ளினால் நல்லூர் பிரதேச சபை. சோலைவரி எங்கே கட்டுகிறீர்களோ அதுதான் உங்கள் சபை. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் தற்காலிகக் கடை போட நினைத்தால் அதற்கும் மாநகர சபையின் அறிவித்தலைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் ரின் (வரி செலுத்துநர் அடையாள) இலக்கத்தை இணையத்தில் எடுக்கலாம், காசு இல்லை. ரின் எடுத்தால் வரி கட்டவேண்டும் என்று பயப்படுகிறவர்கள் அதிகம். இலக்கம் வேறு, வரி வேறு. 2025 ஏப்ரலில் இருந்து ஓர் ஆளின் ஆண்டு வருமானத்தில் முதல் 18 இலட்சம் ரூபாவுக்கு வருமான வரி இல்லை. வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. வேறு வேலைச் சம்பளமும் இருந்தால் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். வற் (பெறுமதி சேர் வரி) பதிவுக்கான எல்லை கோடிக் கணக்கில் இருப்பதால் முதல் ஆண்டில் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

6. வங்கிக் கணக்கு

பி.ஆர், அடையாள அட்டை, முகவரிச் சான்று. ஒரு காலைப்பொழுது போதும். வாடிக்கையாளர் கைபேசியால் ஸ்கான் செய்து காசு கட்டும் லங்கா கியூ.ஆர் அட்டையையும் அதே நாளில் கேட்டு வாங்குங்கள். சொந்தக் கணக்கில் உடைக் காசைக் கலக்காதீர்கள். மூன்றாம் மாதம் எவ்வளவு மிஞ்சியது என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

7. துணி

காசு போவதும் பழுதாவதும் இங்கேதான். ஆகவே மெதுவாக வாசியுங்கள்.

நமக்கு நான்கு வழி உண்டு. யாழ்ப்பாணத்துக் கடைகளிலேயே வாங்குவது: விலை கூட, ஆனால் இரண்டு மீற்றர் குறைந்தால் அன்றைக்கே போய் வெட்டிக்கொண்டு வரலாம். மாதிரி உடைக்கு இதுவே நல்லது. அடுத்து கொழும்பு, புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்கள். இரவு பஸ்ஸில் போய், காலையில் கடை திறக்கும்போது நின்று, அடுத்த இரவு திரும்பலாம். ஏற்றுமதித் தொழிற்சாலைகளின் மிச்சத் துணி அங்கே நல்ல விலைக்குக் கிடைக்கும். தரமும் பெரும்பாலும் நல்லது. ஆனால் அந்த நிறம் முடிந்தால் முடிந்ததுதான், மறுபடி கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். உடை நன்றாக ஓடி, ஓடர் வந்தபிறகு துணி இல்லை என்று சொல்ல வேண்டிவரும். வாங்கும்போதே முழுச் சுருளையும் எடுங்கள், அல்லது அந்த உடையைத் திரும்ப வராத பதிப்பு என்று சொல்லி விற்றுவிடுங்கள்.

மூன்றாவது கைத்தறி. மருதமுனை நெசவு பழைய பெயர் பெற்றது. நேரே நெசவாளரிடம் பேசினால் உங்கள் நிறத்துக்கே நெய்து தருவார்கள், அதற்குக் கிழமைக் கணக்கில் நேரம் கொடுக்க வேண்டும். பேசும்போது மூன்று விடயத்தை எழுதிக்கொள்ளுங்கள்: துணியின் அகலம், எத்தனை மீற்றர் ஒரே சாயத் தொகுதியில் வரும், முற்பணம் எவ்வளவு. கைத்தறியின் அகலம் கடைத்துணியின் 44 அங்குலம் மாதிரி இருக்கும் என்று நினைத்து வெட்டுக் கணக்குப் போட்டால் துணி காணாது. சாயத் தொகுதி மாறினால் முன்பக்கம் ஒரு நீலம், கை வேறு நீலம்.

நான்காவது சென்னை. பலாலியில் இருந்து விமானம் ஓடத் தொடங்கியபிறகு எல்லோருக்கும் இந்த எண்ணம் வருகிறது. சொந்தப் பாவனைக்கு மேலாக, வியாபார அளவில் துணியைப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்தால் சுங்கத்தில் நிறுத்துவார்கள். ஒழுங்காக இறக்குமதி செய்ய வேறு பதிவும் வரியும் உண்டு, முப்பது உடைக்கு அது கட்டுப்படியாகாது. கலியாணப் பட்டுக்கு மக்கள் தாங்களே சென்னைக்குப் போகிறார்கள், அந்தப் போட்டிக்கே நீங்கள் போக வேண்டாம்.

அளவுக் கணக்கு: முழங்கால் வரை வரும், முக்கால் கை வைத்த மேலாடைக்கு 44 அங்குலத் துணியில் சுமார் இரண்டரை மீற்றர். முப்பதுக்கு 75. சுருங்குவதற்கும் பழுதுக்கும் சேர்த்து 80 மீற்றர் வாங்குங்கள்.

வாங்கிய துணியை வெட்டுமுன் நனைக்க வேண்டும். பருத்தியும் ரேயனும் சுருங்கும். அதைவிட முக்கியம், உங்கள் வாடிக்கையாளர் தோய்க்கிற தண்ணீரில் தோய்த்துப் பார்ப்பது. நம்முடைய கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் இருக்கின்றன, தண்ணீர் வன்மையானது, சில பக்கம் சவரும்கூட. கொழும்புக் குழாய்த் தண்ணீரில் நிறம் மாறாத கறுப்புத் துணி இங்கே நாலு தோய்ச்சலில் சாம்பல் பூத்துப்போகும். ஒரு சாண் துண்டை எடுத்து, பாதியை வெட்டி வைத்துவிட்டு, மற்றப் பாதியை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில், சாதாரணச் சவர்க்காரத்தூளில், வெள்ளைத் துணியொன்றோடு சேர்த்து ஐந்து முறை தோய்த்து வெயிலில் காயவையுங்கள். வெள்ளையில் சாயம் ஏறினாலோ, இரண்டு பாதியும் வேறு வேறாகத் தெரிந்தாலோ அந்தத் துணியை விட்டுவிடுங்கள். உப்பும் வினாகிரியும் போட்டால் சாயம் நிற்கும் என்று ஊரில் சொல்வார்கள், நம்பவேண்டாம்.

8. தையல்

தையல்காரரும் தொழிற்சாலையில் வேலை செய்தவரும் ஒரே ஆள் இல்லை. கிளிநொச்சிப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலைகளில் இருந்து வந்தவர்கள் ஒரு வேலையை, சொல்லப்போனால் கொலரை மட்டும், மின்னல் வேகத்தில் தைப்பார்கள். முழு உடையையும் வெட்டித் தைத்து முடிப்பது வேறு பழக்கம். ஊர்த் தையல்காரர் முழு உடையும் தைப்பார், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் வரும், ஏனென்றால் அவர் உடம்பைப் பார்த்துத் தைத்துப் பழகியவர். உங்களுக்குத் தேவை முப்பதும் ஒரே மாதிரி. அதற்கு வழி: வெட்டும் வேலையை ஒருவரே செய்வது, தைக்கும் வேலையைப் பிரிப்பது. தடித்த மட்டையில் ஐந்து அளவுக்கும் பட்டேர்ன் வெட்டி உங்கள் கையில் வையுங்கள். பட்டேர்ன் தையல்காரரிடமே இருந்தால் அடுத்த மாதம் அதே உடை இன்னொரு கடையில் தொங்கும்.

முதலில் ஒரு மாதிரியைத் தைப்பித்து, யாராவது ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் வேலைக்குப் போய் வரட்டும். கை தூக்கினால் இழுக்கிறதா, ஸ்கூட்டியில் இருக்கும்போது ஏறுகிறதா, வியர்வை தெரிகிறதா என்பதெல்லாம் கண்ணாடி முன் நின்றால் தெரியாது. பிறகு அதைத் திருத்தி, "இதுதான் மாதிரி" என்று சீட்டுக் கட்டித் தையல் அறையில் தொங்கவிடுங்கள்.

அளவு: எஸ், எம், எல் என்ற எழுத்தை மட்டும் நம்பவேண்டாம். மார்பு, இடுப்பு, நீளம் மூன்றையும் அங்குலத்தில் எழுதுங்கள். முப்பதை இப்படிப் பிரிக்கலாம்: எஸ் 4, எம் 9, எல் 9, எக்ஸ்.எல் 5, இரட்டை எக்ஸ்.எல் 3. பக்கத் தையலுக்குள் ஒரு அங்குலம் துணி விட்டுத் தைப்பியுங்கள். நம் ஆட்கள் உடையை ஆண்டுக்கணக்கில் வைத்துப் போடுகிறவர்கள், பிரித்துப் பெருப்பிக்க வழி இருந்தால் அடுத்த முறையும் உங்களிடமே வருவார்கள்.

கூலியை உடைக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள். பாதி முற்பணம், பாதி முடித்துத் தரும்போது. ஆளை நிரந்தரமாக வேலைக்கு வைத்தால் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி), ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) கட்டவேண்டும். ஒரே ஒரு ஆளாக இருந்தாலும், உடைக் கணக்கில் கூலி கொடுத்தாலும் அது பொருந்தும். ஈ.பி.எஃப்.க்கு உங்கள் பங்கு 12 வீதம், வேலை செய்பவரின் பங்கு 8 வீதம், ஈ.ரி.எஃப்.க்கு உங்கள் கையால் 3 வீதம். உங்கள் கையால் போகும் 12 வீதத்தையும் 3 வீதத்தையும் கூலியோடு கூட்டித்தான் செலவு பார்க்க வேண்டும். தன் கடையில் இருந்து பல பேருக்குத் தைக்கிற ஆளுக்கு வேலை கொடுப்பது வேறு, அவர் தருகிற பற்றுச்சீட்டை வைத்திருந்தால் சரி.

9. விலை

உதாரணக் கணக்கு. ஒரு மேலாடைக்குத் துணி 2.5 மீற்றர், மீற்றர் 900 ரூபா என்றால் 2,250. நனைத்து அழுத்த 100. தையல் 1,200. நூல், பட்டன், லேபிள் 200. பை 80. படமும் விளம்பரமும் உடைக்கு 250. உங்கள் சொந்த உழைப்புக்கு 500. கூட்டினால் 4,580.

ஆறாயிரத்து ஐந்நூறுக்கு விற்றால் நல்ல இலாபம் போலத் தெரியும். அதே உடையை நகரத்துக் கடையொன்றில் 30 வீதக் கழிவுக்கு (விற்ற விலையில் கடைக்காரர் எடுக்கும் பங்கு) வைத்தால் கைக்கு வருவது 4,550. உடைக்கு முப்பது ரூபா நட்டம். கடைக்கும் கொடுக்கும் எண்ணம் இருந்தால் தொடக்க விலையே 7,000க்குக் குறையக் கூடாது. கடையில் ஒரு விலை, முகநூலில் குறைந்த விலை என்று வைத்தால் கடைக்காரர் அடுத்த முறை எடுக்கமாட்டார்.

சொந்தக்காரருக்குச் சும்மா கொடுக்கும் உடைகளையும் கணக்கில் எழுதுங்கள். அவை எத்தனை என்று எழுதிப் பார்த்தால்தான் நிறுத்த மனம் வரும்.

10. படமும் விற்பனையும்

காலை எட்டு மணிக்கு முன் அல்லது மாலை ஐந்துக்குப் பின் வெளியில் எடுங்கள், மத்தியான வெயிலில் எந்த நிறமும் வெளிறிவிடும். பில்டர் போடாதீர்கள்: நிறம் மாறி வந்தது என்ற முறைப்பாடுதான் திருப்பி அனுப்புவதற்கு முதல் காரணம். படத்தில் உடையைப் போட்டு நிற்கும் பிள்ளையின் உயரத்தையும் அவர் போட்டிருக்கும் அளவையும் கீழே எழுதுங்கள். கோட்டையிலும் பழைய கல்வீட்டுத் திண்ணையிலும் எல்லோரும் எடுத்தாயிற்று. சாதாரண வெள்ளைச் சுவர் இன்னும் நன்றாக உடையைக் காட்டும்.

"விலைக்கு இன்பொக்ஸ்" என்று எழுதும் பழக்கத்தை விடுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் விலையைக் காட்சிப்படுத்தச் சொல்கிறது, கேட்டால் பற்றுச்சீட்டும் கொடுக்க வேண்டும். அதைவிட, இன்பொக்ஸில் விலை கேட்டவர்களுக்குப் பதில் எழுதியே உங்கள் இரவு போய்விடும். விலை, துணி, அளவு, அனுப்பும் செலவு, மாற்றிக் கொடுக்கும் நாட்கள் எல்லாம் படத்தின் கீழேயே இருக்கட்டும்.

நேரடி விற்பனைக்கு, ஆண்டுத் தொடக்கத்தில் முற்றவெளியில் நடக்கும் யாழ்ப்பாணச் சர்வதேச வர்த்தகக் கண்காட்சி ஒரு வாய்ப்பு. கடைக்கட்டணம் சின்ன லேபிளுக்குப் பாரம், அதனால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து எடுங்கள். உடையோடு பனையோலைப் பையோ நகையோ செய்கிறவர் சேர்ந்தால் கடையும் நிரம்பித் தெரியும். ஓலை வேலை செய்கிறவர்களைத் தேட, பனை அபிவிருத்திச் சபையில் விசாரிப்பது சுலபமான வழி.

11. அனுப்புவது

உள்ளூரில் பொருள் கைக்கு வந்தபின் காசு தருகிற முறையையே பலர் கேட்பார்கள். கூரியர் அந்தக் காசை உடனே தராது, தன் கழிவை எடுத்துக்கொண்டு சில நாள் கழித்துக் கணக்கில் போடும். பருவ நேரத்தில் உங்கள் முதல் அதற்குள் முடங்கிக் கிடக்கும். கூரியரோடு கதைக்கும்போது காசு எந்தக் கிழமையில் வரும், ஆள் எடுக்காமல் திரும்பிய பொதிக்கு யார் செலவு என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். புதிய வாடிக்கையாளரிடம் அனுப்பும் செலவை மட்டுமாவது முன்கூட்டி வாங்கினால், சும்மா ஓடர் போடுகிறவர்கள் குறைவார்கள்.

வெளிநாட்டுக்குத் தபாலகத்தின் ஈ.எம்.எஸ் என்ற விரைவுத் தபால் வழியாக அனுப்பலாம். சுங்கப் படிவத்தில் விற்ற விலையை எழுதுங்கள். "கிஃப்ட் என்று போடுங்கோ" என்று அங்கே இருக்கும் மாமி கேட்பார். காசு வாங்கி அனுப்பும் பொருளுக்கு அது பொய்க் கணக்கு. கனடாவில் 20 டொலருக்கு மேற்பட்ட தபால் பொதிக்கு வரி வரலாம். அமெரிக்காவில் 800 டொலர் வரை இருந்த விலக்கு 2025 ஓகஸ்டில் நிறுத்தப்பட்டது. பொதி எடுக்கும்போது வரி கேட்டால் வாங்குகிறவரே கட்டவேண்டும் என்று முன்கூட்டியே எழுதி, சரி என்று பதில் வந்தபிறகு தையுங்கள். ஓகஸ்டில் வந்து திரும்புகிறவர்களின் பெட்டியில் கொடுத்துவிடும் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதற்கு அவர்கள் வெளிக்கிடுவதற்கு ஒரு கிழமை முன்னரே உடை தயாராக இருக்க வேண்டும்.

12. மிச்சம்

முப்பதில் ஏழெட்டு நிற்கும். பெரும்பாலும் எஸ் அளவும், நீங்கள் மிகவும் விரும்பிய நிறமும். நல்லூர் முடிந்த கையோடு விலையைக் குறைத்தால், முழு விலைக்கு வாங்கியவர் அடுத்த முறை காத்திருப்பார். ஆவணிக் கலியாணங்கள் முடியும்வரை அதே விலையில் வையுங்கள், பிறகு தீபாவளியோடு ஒருமுறை மட்டும் குறையுங்கள். அதற்குள் மழை தொடங்கிவிடும்: உடையைப் பிளாஸ்ரிக் பையில் கட்டி அலுமாரியின் அடித்தட்டில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பழைய பருத்திச் சேலையில் சுற்றி, மேல்தட்டில், வேப்பிலை காயவைத்துப் போட்டு வையுங்கள். கிழமைக்கு ஒருமுறை வெயில் எறிக்கும் நேரம் பார்த்து வெளியே எடுத்து விரியுங்கள்.